பஜார் ரோட்டில் ஆதிமூலத்தோடு

கிண்டியை விட்ட மின்சார ரயில் அடையாற்றைக் கடக்கும்போதே வாசற்பக்கம் வந்து நின்றுகொள்கிறவர்கள் சைதாப்பேட்டைக்காரர்கள். நான் அந்த ஊர்க்காரன் இல்லை. ஆனாலும் அவர்களோடு நின்றுகொள்வேன். பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் பக்கம் வடிவமைப்பது என் தொழில். திரையில் அதே சில எழுத்துருக்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போகும்போது இங்கே வந்துவிடுகிறேன். தூரிகையால் எழுதிய பெயர்ப்பலகையும், அதன்மேல் அடித்த தகரப் பலகையும், அதையும் மறைக்கிற ஃபிளெக்ஸும் ஒரே கடையின் நெற்றியில் அடுக்கடுக்காக நிற்கிற தெருக்கள் சென்னையில் குறைந்துகொண்டே வருகின்றன. சைதாப்பேட்டையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

இந்த முறை பையில் ஓவியர் கே.எம்.ஆதிமூலம் இருந்தார். அவர் எழுத்து வரைந்த அட்டைகளோடு வந்த சில பழைய புத்தகங்களும், அவருடைய கோட்டோவியங்களின் நகல்களும். ஒரு ஓவியரை அரங்கத்தில் பார்த்துவிட்டுத் திரும்புவது எனக்குப் போதுவதில்லை. அவர் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு ஒரு தெருவில் நடந்து பார்க்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

ஆதிமூலம் 1938இல் துறையூர் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்தவர். படம் வரைய வேண்டும் என்ற ஒரே எண்ணத்தோடு சென்னைக்கு வந்தவரைச் சிற்பி எஸ்.தனபால் ஆற்றுப்படுத்தினார். 1960 முதல் 1966 வரை எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தார். அப்போது முதல்வர் கே.சி.எஸ்.பணிக்கர். 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி ஆதிமூலம் வரைந்த காந்திக் கோட்டோவியங்கள் அவர் பெயரை நிலைநிறுத்தின. பிறகு மகாராஜாக்கள். அதன்பின் சிற்றிதழ்களிலும் புத்தக அட்டைகளிலும் தமிழ் எழுத்து. ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’க்கு வரைந்த படங்கள் வழியாக ஓவியக் கூடத்துப் பக்கமே போகாத லட்சக்கணக்கானவர்கள் அவரை அறிந்தார்கள். பிற்காலத்தில் உருவங்களே இல்லாத, நிறம் மட்டுமே ஆன எண்ணெய் ஓவியங்கள். இவ்வளவுக்கும் நடுவே நெசவாளர் சேவை மையத்தில் வேலை.

இந்தப் பட்டியலைப் படிக்கிற எவருக்கும் முதலில் தோன்றுவது, ஒன்றைப் பிடித்தால் அதிலேயே நிற்காத மனம் என்பதுதான். என் தொழிலில் இருப்பவர்களைப் பார்த்து வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் அதுவே. போன வருஷம் எழுத்துரு, இந்த வருஷம் பாய் பின்னல், அடுத்து என்ன, எதில்தான் நிலைப்பாய் என்று கேட்பார்கள். ஆதிமூலத்தின் வேலைகளை வரிசையாக வைத்துப் பார்க்கப் பார்க்க, அந்தக் கேள்வி தவறான இடத்தில் நின்று கேட்கப்படுகிறது என்று எனக்கு உறுதியாகிக்கொண்டு வந்தது. அவர் எங்கும் தாவவில்லை. ஒரு வேலை முடிகிற ஓரத்தில்தான் அடுத்தது தொடங்கியிருக்கிறது.

காந்தியையே எடுத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் தெரிந்த முகம். கண்ணாடி, தடி, இடுப்புத்துணி என்று நாலு இழுப்பில் அடையாளம் காட்டிவிடலாம். ஆதிமூலம் அந்தச் சுலபத்துக்குப் போகவில்லை. அவர் கோடுகள் தோலின் சுருக்கத்தையும் எலும்பின் மேட்டையும் பள்ளத்தையும் தேடிப்போகின்றன. ஒரு கிழ உடம்பின் மேற்பரப்பை அத்தனை நேரம் பார்த்தவர், அடுத்து ராஜாக்களிடம் போனதில் எனக்கு வியப்பில்லை. அவருடைய ராஜாக்கள் தலைப்பாகையும் நகையும் அணிந்தவர்கள்தான். ஆனால் உடம்பு சிதைந்துகொண்டிருக்கிறது, அரசவை உடை உள்ளிருந்து உதிர்கிறது. எளிமையைத் தானே தேர்ந்துகொண்ட உடம்பிலிருந்து, படாடோபம் கழன்று விழுகிற உடம்புக்கு. பேனாவும் மையும் அவைதான். பார்வையும் அதுதான்.

பஜார் ரோட்டில் காலை பத்து மணிக்கு நடப்பதற்குப் பொறுமை வேண்டும். காய்கறிக் கூடைகள், பாத்திரக் கடை, பூக்காரம்மாக்கள், நடுவில் ஆட்டோ. நான் தலையை அண்ணாந்தே நடப்பதால் இரண்டு முறை திட்டு வாங்கினேன். மேலே பார்த்தால்தான் எழுத்து. ஒரு மளிகைக் கடையில் நீல எனாமல் பெயின்ட்டில் எழுதிய பலகை. எழுத்தின் வலப்பக்கம் மட்டும் சிவப்பில் நிழல் விட்டிருக்கிறார் எழுதியவர். பக்கத்து நகை அடகுக் கடையில் எழுத்துகள் கீழே தடித்து மேலே மெலிந்து நிற்கின்றன. சில பழைய சுவர்களில் ‘லை’, ‘ணை’ எழுத்துகள் யானைத் தும்பிக்கையைத் தலைக்கு மேல் தூக்கிய பழைய வடிவிலேயே இருக்கின்றன. பெரியார் 1935இல் தம் இதழ்களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தம் 1978இல்தான் அரசாணை ஆனது. ‘அண்ணா சாலை’ என்று எழுதிப் பார்த்தால் அந்தச் சிறிய பெயருக்குள் ‘ணா’, ‘லை’ என்று இரண்டு எழுத்துகள் உருமாறியவை. ‘சின்னமலை’யில் ஒன்று. ‘சைதாப்பேட்டை’ மட்டும் அன்றும் இன்றும் ஒரே உருவம். சீர்திருத்தம் தொடாத எழுத்துகளால் ஆன பெயர் அது.

காரணீஸ்வரர் கோயிலுக்குப் போகும் வழியில், ஒரு சந்தின் முனையில், வண்டி நம்பர் பலகைக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடை. உள்ளே சுவர் முழுக்கத் தட்டைத் தூரிகைகள் ஆணியில் தொங்கியதால்தான் நின்றேன். உட்கார்ந்திருந்த பெரியவருக்கு எழுபது இருக்கும்.

“இதெல்லாம் இப்பவும் எடுக்கிறீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“கட்சிக்காரங்க செவுரு எழுதக் கூப்ட்டா எடுப்பேன் தம்பி. மத்தபடி மெஷின்தான் வெட்டுது, நான் ஒட்றேன்.”

பழைய ‘லை’ பற்றிப் பேச்சைத் திருப்பினேன். முகம் மலர்ந்துவிட்டது. அந்தத் தும்பிக்கையை ஒரே இழுப்பில், தூரிகையைத் தூக்காமல் போட வேண்டும் என்றுதான் அவருடைய குரு சொல்லிக்கொடுத்தாராம். சட்டம் மாறியபோது புது வடிவம் போட்டால் எழுத்து மொட்டையாக இருக்கிறது என்று கடைக்காரர்கள் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். “அப்புறம் அதுக்கும் ஒரு அழகு கண்டுபுடிச்சோம். முன்னாடி நிக்கிற கொம்ப கொஞ்சம் சாச்சு உட்டா போதும், எழுத்து நடக்கிற மாரி ஆயிடும்.”

பையிலிருந்து ஆதிமூலம் எழுத்து வரைந்த அட்டைகளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஓவியர் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆனால் நான் பல வருஷமாகப் பார்த்தும் பார்க்காத ஒன்றை அவர் உடனே பார்த்தார். விரலை எழுத்தின் மேல் வைத்து இழுத்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். “இவரு எழுதல தம்பி. வரஞ்சிருக்காரு. நாங்க எழுத்து தெரியணும்னு போடுவோம். இவருக்கு எழுத்துக்கு நடுவுல இருக்கிற எடமும் வேணும்.”

சரியான பேச்சு. ஆதிமூலத்தின் தலைப்பெழுத்துகளில் கோடு ஓரிடத்தில் கனத்து, ஓரிடத்தில் உடைந்து, ஓரம் பிசிறி நிற்கும். அச்சுக் கோப்பவரின் ஒழுங்கு அதில் கிடையாது. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே விடுபட்ட வெள்ளைத் துண்டுகளுக்கும் ஒரு உருவம் இருக்கும். நவீனத் தமிழ் இலக்கியம் தனக்கென்று ஒரு முகம் தேடிய காலத்தில் அந்த முகத்தை வரைந்துகொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். ஒரு கவிதைத் தொகுப்பின் அட்டையில் படமே இல்லாமல் தலைப்பு மட்டுமே ஓவியமாக நிற்கலாம் என்ற தைரியத்தை நாங்கள் அவரிடமிருந்துதான் பெற்றோம்.

இந்த எழுத்து ஆர்வம் அவருக்கு வெறுமனே வந்ததும் அல்ல. பணிக்கர் தாமே 1963 வாக்கில் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கியிருந்தார். ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, படிக்க முடியாத எழுத்து எல்லாம் நிரம்பிய ஓவியங்கள். வேறு வேலைகள் பார்த்துவிட்டு இருபத்தைந்து வயதில் அதே எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தவர், ஐம்பதைத் தாண்டிய பிறகு தன் பாணியை முழுக்க மாற்றிக்கொண்டார். அந்தப் பள்ளியை 1850இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் தொழிலால் அறுவை மருத்துவர். மட்பாண்டமும் கற்றுத் தரச் செய்தார். 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கமும் தொடங்கினார். ஆர்வம் மாறுவது அந்த வளாகத்தின் பழைய வழக்கம்.

கோயில் குளத்தைச் சுற்றிக்கொண்டு அண்ணா சாலைக்கு வந்தேன். சைதாப்பேட்டையின் சர்க்கார் முகம் இந்தப் பக்கம் இருக்கிறது. நீதிமன்றம், பனகல் மாளிகை, ஆசிரியர் கல்லூரி. 1868இல் இங்கே தொடங்கிய வேளாண் பள்ளிதான் பின்னாளில் கோயம்புத்தூருக்குப் போய்ப் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இதையெல்லாம் வேகமாகக் கடந்தேன். எனக்குப் பாலத்தடியில் வேலை இருந்தது.

மறைமலையடிகள் பாலம் 1960களில் கட்டியது. அதற்கு முன் அதே இடத்தில் நின்றது 1726இல் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சொந்தப் பணத்தில் கட்டிய மர்மலாங் பாலம். பரங்கிமலைக்கு ஏறும் படிகளும் அவர் தந்தவை. பழைய பாலம் போய்விட்டது. அதன் கல்வெட்டு மட்டும் சாலையோரம் மிஞ்சி நிற்கிறது. பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என்று மூன்று மொழி. மூன்றும் எனக்குப் படிக்க வராது. அதனால்தானோ என்னவோ அந்தக் கல்லை முழுமையாகப் பார்க்க முடிகிறது. பாரசீக எழுத்து கிடைமட்டமாக ஓட, ஆர்மீனிய எழுத்து நின்றுகொண்டே போகிறது. மழையும் புகையும் தின்றதில் பல எழுத்துகள் வெறும் தடங்களாகிவிட்டன. பொருள் தேயத் தேய மேற்பரப்பு கூடுகிறது. பேருந்துகள் உறுமிக்கொண்டு போகிற அந்த இடத்தில் நின்று ஆதிமூலத்தின் வண்ண ஓவிய நகல் ஒன்றை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன்.

அந்த ஓவியங்களைப் பற்றிப் பலரும் நிலக்காட்சி என்பார்கள். பழுப்பு, செம்மண், நீலம், திடீரென்று ஒரு மஞ்சள். பட்டை பட்டையாக நிறம் படிந்து, இடையிடையே அடியிலிருந்து வேறொரு நிறம் எட்டிப் பார்க்கும். உருவத்தை வரையத் தெரிந்த ஒருவர் ஏன் உருவத்தை விட்டார் என்று கேட்பவர்களும் உண்டு. அவர் விடவில்லை என்றே நான் நினைக்கிறேன். காந்தியின் தோல், ராஜாவின் உதிரும் உடை, பிசிறிய எழுத்தின் ஓரம் என்று எப்போதும் அவர் பார்த்துக்கொண்டிருந்தது மேற்பரப்பைத்தான். கடைசியில் அதைத் தாங்கிக்கொண்டிருந்த ஆளையும் சொல்லையும் எடுத்துவிட்டார்.

கோட்டில் கைதேர்ந்தவருக்கு இந்த நிறம் எங்கிருந்து வந்தது? இங்கேதான் நெசவாளர் சேவை மையத்தைப் பேசாமல் விட முடியாது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு வரியில், பிழைப்புக்காகப் பார்த்த உத்தியோகம் என்று கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

1950களில் புபுல் ஜயகரின் முயற்சியில் தொடங்கிய மையங்கள் அவை. மில் துணியின் முன் கைத்தறி தாக்குப்பிடிக்க வேண்டுமானால் நெசவாளருக்குப் புது வடிவங்களும் சாயம் நிற்கிற முறைகளும் வேண்டும் என்பது நோக்கம். அதற்கு ஓவியர்களை அரசுச் சம்பளத்தில் அமர்த்தினார்கள். சென்னையில் ரெட்டப்ப நாயுடு, பம்பாயில் பிரபாகர் பர்வே என்று நவீன ஓவியத்தின் பெரிய பெயர்கள் பல அந்த வேலையைப் பார்த்தவை. கே.ஜி.சுப்ரமணியனும் சில ஆண்டுகள் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்பைக் கவனித்தார். பின்னால் அவர் பொம்மை செய்ததும், சுடுமண் சிற்பம் செய்ததும், கண்ணாடியில் வரைந்ததும் அந்தக் கைத்தொழில் உலகத்தோடு வளர்ந்த உறவுதான்.

வேலை எப்படி நடக்கும்? ஓவியர் முதலில் தாளில் வண்ணத்தில் வரைவார். பிறகு அது சதுரக் கட்டம் போட்ட கிராப் தாளுக்கு மாறும். ஒரு கட்டம் என்பது பாவு இழையும் ஊடை இழையும் சந்திக்கிற ஒரு புள்ளி. எந்தக் கட்டத்தில் பாவு மேலே வர வேண்டும், எதில் கீழே போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக நிரப்ப வேண்டும். அந்தக் கணக்கின்படி ஜக்கார்டு அட்டையில் துளை போடுவார்கள். தறியில் துளை உள்ள இடத்தில் இழை தூக்கும், துளையில்லாத இடத்தில் தூக்காது. மாங்காயின் வளைவு தறிக்குப் போகும்போது படிக்கட்டாகிவிடும். எத்தனை சிறிய படி வைத்தால் கண் அதை வளைவென்று ஏற்கும் என்பதை வடிவமைப்பவர் அறிந்திருக்க வேண்டும். பேனாவைச் சுதந்திரமாக ஓடவிட்ட ஒரு கை பகல் முழுக்க இந்தக் கட்டங்களோடு இருந்தது. அவருடைய எழுத்துகளின் உடைந்த மூலைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கிராப் தாள் ஞாபகம் வருகிறது. நிரூபிக்க என்னிடம் ஆதாரம் ஏதும் இல்லை. தொழில் செய்கிறவனின் ஊகம்.

நிறத்தின் கதை இன்னும் நேரடியானது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்தால் துணியில் மூன்றாவதாக ஒரு நிறம் பிறக்கும். நீலப் பாவும் பச்சை ஊடையும் சேர்ந்தால் மயில்கழுத்து. மடிப்பில் ஒன்று, விரிப்பில் ஒன்று, வெயிலில் ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். ஓவியர் தட்டில் குழைத்து உண்டாக்கும் கலவை இல்லை அது. இரண்டு நிறங்களும் தனித்தனியாகவே இருக்க, கண்தான் சேர்க்கிறது. இந்தக் காட்சிக்கு நடுவில் வேலை பார்த்த ஒருவர் தன் கித்தானில் ஒரு நிறத்தின் அடியிலிருந்து இன்னொன்றை எட்டிப் பார்க்க வைத்ததில் என்ன ஆச்சரியம்? ஆனால் சேலையின் முந்தியில் வடிவமைத்தவர் பெயர் இருப்பதில்லை. கட்டியவருக்கு நெய்தவரையே தெரியாது; கிராப் போட்டவரை எங்கே தெரியப்போகிறது. அந்த வேலைகள் இன்று யார் பெட்டியிலோ நாப்தலின் உருண்டையோடு மடித்துக் கிடக்கும்.

பாலத்தின் மேல் நடந்து கடந்தேன். சைதாப்பேட்டை நிலையம்வரை நிலத்தடியில் போகிற மெட்ரோ இந்தப் பக்கம் மேலேறிச் சின்னமலைக்குப் போகிறது. கீழே அடையாறு கறுத்துப்போய் மெதுவாக நகர்ந்தது. 2015 டிசம்பரில் இதே ஆறு இரு கரையின் வீடுகளையும் அள்ளிக்கொண்டு போனது. கரையோரச் சுவர்கள் சிலவற்றில் புதுச் சுண்ணாம்பு, பழைய சுண்ணாம்பு, கிழிந்த சுவரொட்டி, அதன் அடியில் ஒரு கட்சியின் நிறம், இன்னும் அடியில் அதன் எதிர்க்கட்சியின் நிறம். நின்று படம் எடுத்தேன். முன்பெல்லாம் இந்தச் சுவர்களை எழுத்துக்காக மட்டும் பார்த்தவன் நான். எழுத்து இல்லாத இடத்தைப் படமெடுப்பது எனக்கே புதிதாக இருந்தது.

சின்னமலையிலிருந்து பேருந்து பிடித்து அடையாறு வழியாகப் பெசன்ட் நகர். நெசவாளர் சேவை மையம் இப்போது அங்கே ராஜாஜி பவனில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் என் தோழி ஒருத்தி குடியிருக்கிறாள். துணி வடிவமைப்பு படித்துவிட்டுக் காஞ்சிபுரம் நெசவாளர்களுக்குக் கிராப் போட்டுத் தருகிறவள். தாளும் பென்சிலும் போய் அவள் கட்டங்கள் கணினியில் இருக்கின்றன. நான் போனபோது ஒரு யாளியின் வாலோடு போராடிக்கொண்டிருந்தாள். வளைவு சரியாக விழவில்லை என்று ஒரு கட்டத்தை அழிப்பாள், தள்ளி உட்கார்ந்து பார்ப்பாள், மறுபடி போடுவாள். பால்கனியில் இரண்டு மண் தொட்டிகளில் அவுரிச் சாயம் ஊறிக்கொண்டிருந்தது.

“இது எப்போலேர்ந்து?” என்றேன்.

“ரெண்டு மாசமா. கிராப்ல நீலம்னு போட்டுட்டே இருக்கேன். நீலம் எப்படி வருதுன்னே தெரியாம எத்தனை நாள் போடறது? அம்மா கேக்கறா, அடுத்து என்ன, ஆடு மேய்க்கப் போறியான்னு. கம்பளி பண்ணணும்னா மேய்க்கத்தான் வேணும்னு சொல்லியிருக்கேன்.”

பெரிதாகச் சிரித்தோம். ஆற்றங்கரைச் சுவரின் படங்களைக் காட்டினேன். ஒன்றைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, நிறங்கள் வெறும் கட்டங்களாகிற வரை கொண்டுபோனாள். அந்தச் செங்காவியையும் அதன் அடியில் தெரிந்த வெளிறிய பச்சையையும் குறித்துக்கொண்டாள். பாவுக்கு ஒன்று, ஊடைக்கு ஒன்று. பிறகு ஸ்டிக்கர் கடைப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். தூரிகையைத் தூக்காமல் இழுக்கிற தும்பிக்கை என்றதும் திரையிலிருந்து திரும்பிவிட்டாள்.

“ஒரே இழுப்பா? வால் அப்படித்தான் வரணும். நான் கட்டம் கட்டமா யோசிக்கறேன், அதான் உடையுது. அவர் கடை எத்தனை மணிக்குத் திறப்பார்?”

பத்து மணிக்கு என்றேன். காரணீஸ்வரர் கோயிலிலிருந்து எந்தச் சந்து என்று கேட்டு, ஒரு கிராப் தாளின் பின்பக்கத்தில் வழி வரையச் சொன்னாள்.